மேனேஜர் முதுகில் பூசின பட்டி

எங்க அண்ணன் கார் டிங்கர். நசுங்கின கதவு, ஒடுங்கின பானெட், கீறல் விழுந்த பம்பர், எது வந்தாலும் தட்டி நிமித்தி, பட்டி பூசி, தேய்ச்சு, பெயின்ட் அடிச்சு அனுப்புவான். பட்டின்னா பள்ளத்தை ரொப்பற பசை, தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். பூசி அரை மணி நேரம் விட்டா கல்லாட்டம் இறுகிடும். அது மேல எமரி பேப்பர் போட்டுத் தேய்ச்சு கலர் அடிச்சுட்டா, கையால தடவிப் பாத்தாலும் அடிபட்ட இடம் தெரியாது. முப்பத்தஞ்சு வருஷமா இதுதான் அவன் பொழப்பு.

ஷெட்டுல ஒரே ஒரு சட்டம்தான். எப்படி இடிச்சதுன்னு யாரையும் கேக்கக் கூடாது. வர்றவங்கள்ல பாதிப் பேர் வீட்டுக்குத் தெரியாம வர்றவங்க. புருஷன் காரை எடுத்துட்டுப் போய் கேட்டுல மோதின பொண்டாட்டி, எனக்கு ஓட்டத் தெரியாதான்னு பீத்திக்கிட்டுத் தூண்ல ஏத்தின புருஷன், இப்படி. ஒரு தடவை ஒரே காருக்கு ஒரே மாசத்துல புருஷனும் வந்தார், பொண்டாட்டியும் வந்தாங்க, ஒருத்தருக்கொருத்தர் தெரியாம. அண்ணன் ரெண்டு பேர்கிட்டயும் தலையை மட்டும் ஆட்டினான். அவன்கிட்ட போன ரகசியம் கிணத்துல போட்ட கல்லு.

நான் அவன் தங்கச்சி. நாப்பத்தெட்டு வயசாகுது, இன்னமும் என்னை "பாப்பா"ன்னுதான் கூப்பிடறான். ஷெட்டுக்கும் வீட்டுக்கும் நடுவுல ஒரு நீள ரூம் இருக்கு. அங்க உக்காந்து கார் சீட்டுக்கு உறை தைக்கறது என் வேலை. எனக்குக் கொஞ்சம் வாய் ஜாஸ்தி. கொஞ்சம்னு நான் சொல்றேன், அண்ணியைக் கேட்டா வேற மாதிரி சொல்வாங்க. அண்ணன் பேசாம மிச்சம் வெச்சதையெல்லாம் நான் பேசித் தீக்கறேன்னு வெச்சுக்குங்க.

மேனேஜர்ங்கறது எங்க வீட்டு ஆமை. வந்து பதினோரு வருஷம் ஆச்சு. ஒரு டீச்சரம்மா வெளிநாட்டுக்குப் போறப்ப காரை வித்துத் தரச் சொல்லி அண்ணன்கிட்ட விட்டுட்டுப் போனாங்க. பின் சீட்டுல ஒரு அட்டைப் பெட்டி இருந்துச்சு. தொறந்தா உள்ள ஒரு தரை ஆமை, சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு. அண்ணி வாசப்படியிலயே கையை நீட்டித் தடுத்துட்டாங்க. "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாதுன்னு சும்மாவா சொல்லி வெச்சாங்க?"

"ஜப்தி பண்ண அமீனா வந்தா அவரையும் உக்கார வெச்சு ரெண்டு சீட்டு தைக்கச் சொல்றேன் அண்ணி. இது உள்ள வரட்டும்"னு சொல்லி நான் பெட்டியை வாங்கிக்கிட்டேன். அன்னையிலேந்து அது என்னோட ஆமை.

காலையில வெயில் ஏறினதும் எந்திரிச்சு ஷெட்டுக்குள்ள வரும். ஒவ்வொரு வண்டி முன்னாடியும் நின்னு கழுத்தை நீட்டிப் பாக்கும். ஒரு வேலையும் செய்யாது. மத்தியானம் ஆனதும் என் தையல் மெஷினுக்கு அடியில வந்து தூங்கிடும். வேற என்ன பேர் வைக்கறது? "மேனேஜர் ரவுண்ட்ஸ் வர்றார்"னு வண்டி விட வர்றவங்களே சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க. எனக்குப் புள்ளை குட்டி கிடையாது. நான் பேசறப்ப குறுக்க பேசாத ஒரே ஜீவன் அதுதான். அதோட நாள் பூரா பேசிக்கிட்டே தைப்பேன். காலைத் தூக்கிப் பெடல்ல வெக்கறதுக்கு முன்னாடி அது எங்க இருக்குன்னு பாக்கறது எனக்குப் பழகியே போச்சு.

போன வருஷம் எங்க பெரியக்காவுக்குக் கண் ஆபரேஷன். நாலு நாள் கூட இருந்துட்டு வந்தேன். வந்து பாத்தா மேனேஜர் முதுகு பளபளன்னு இருக்கு.

"என்ன, வாக்ஸ் போட்டியா?"ன்னு சிரிச்சுக்கிட்டே கேட்டேன்.

"ம்"னான் அண்ணன்.

அன்னைக்கு ஒரு கட்டு கீரை வாங்கிட்டு வந்தான். மறுநாளும் வாங்கிட்டு வந்தான். ஆமைக்குத் தீனி வாங்கற பழக்கமே அவனுக்கு இல்லையே, என்னடா திடீர்ப் பாசம்னு நெனச்சேனே தவிர, மண்டையில ஒண்ணும் ஏறல. மேனேஜர் கீரையைத் தொடல. மெஷினுக்கு அடியில போய் மூலையைப் பாத்து உக்காந்துக்கிச்சு. வெயில் மாறுது, அதான் மந்தமா இருக்குன்னு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன்.

நான் வந்து ஒன்பதாவது நாள். குனிஞ்சு கீழ விழுந்த ஊசியை எடுத்தேன், ஒரு நாத்தம் அடிச்சுது. எலி செத்துக் கிடக்குன்னு மெஷினையே நகத்தினேன். எலி இல்லை. மேனேஜரைத் தூக்கி மடியில வெச்சு ஈரத் துணியால முதுகைத் துடைச்சேன். வலப்பக்கம் ஒரு இடத்துல துணியில கலர் ஒட்டிக்கிச்சு. ஆமைக்குச் சாயம் போகுமா? நகத்தால சுரண்டினேன். பழுப்புப் பெயின்ட். அதுக்குக் கீழ பிரைமர். அதுக்கும் கீழ சாம்பல் கலர்ல பட்டி. பட்டியோட ஓரத்துலேந்து தண்ணியாட்டம் ஒண்ணு கசிஞ்சுது.

பட்டி எப்படி இருக்கும்னு இந்த வீட்டுல எனக்குத் தெரியாதா? ஆமையைத் தூக்கிக்கிட்டு நேரா ஷெட்டுக்குப் போனேன். அண்ணன் ஒரு கதவைத் தட்டிக்கிட்டிருந்தான். என்னைப் பாத்ததும் சுத்தியலைக் கீழ வெச்சான்.

"என்ன இது?"

அவன் கையை அழுக்குத் துணியில துடைச்சான்.

"என்ன இதுன்னு கேக்கறேன்."

அப்புறம்தான் மெதுவா வந்துச்சு. நான் ஊருக்குப் போன ரெண்டாம் நாள், ஒரு வேனை ரிவர்ஸ் எடுத்திருக்கான். சக்கரத்துக்கு அடியில கல்லு மாதிரி என்னமோ தட்டியிருக்கு. இறங்கிப் பாத்தா மேனேஜர். முழுசா ஏறல, ஓரத்துல ஏறி வழுக்கியிருக்கு. ஓட்டுல உள்ளங்கை அகலத்துக்கு விரிசல், ஒரு துண்டு உள்ள அமுங்கியிருக்கு. ரத்தமும் கொஞ்சம் வந்திருக்கு. இவன் என்ன பண்ணியிருக்கான்? தனக்குத் தெரிஞ்ச வேலையைப் பண்ணியிருக்கான். துடைச்சு, பட்டி பூசி, காய விட்டு, தேய்ச்சு, ஓட்டுல இருக்கற ஒவ்வொரு கோட்டையும் பாத்துப் பாத்துக் கலர் கலந்து தீட்டியிருக்கான். புதுக் கலர் தனியாத் தெரியக் கூடாதுன்னு முதுகு பூரா பாலிஷ் போட்டுட்டான்.

"சரியாயிடும்னு நெனச்சேன் பாப்பா."

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைப்பாங்கன்னு கேட்டிருக்கேன். நீ முழு ஆமையை மறைச்சிருக்க."

அடிபட்டதுக்கு நான் கோவப்படல, அதைச் சொல்லிடறேன். ஷெட்டுன்னா வண்டி வரும் போகும், அடிபடத்தான் செய்யும். ஆனா ஒன்பது நாள் நான் அதுக்குப் பக்கத்துலயே உக்காந்து பாட்டுப் பாடித் தைச்சுக்கிட்டிருந்திருக்கேன், அது எனக்குக் கீழ அழுகிக்கிட்டிருந்திருக்கு, இவனுக்குத் தெரியும், தெரிஞ்சும் கீரை வாங்கிட்டு வந்து போட்டிருக்கான். அதை என்னால தாங்க முடியல.

ஆமை பாக்கற டாக்டர் ஊர்க் கோடியில இருக்காங்கன்னு அண்ணி விசாரிச்சுச் சொன்னாங்க. அண்ணன் வண்டி எடுத்தான். நான் பின் சீட்டுல உக்காந்துக்கிட்டேன்.

டாக்டரம்மா விளக்கைக் கிட்ட இழுத்து வெச்சுப் பாத்தாங்க. முதல்ல அவங்களுக்கே எங்க அடிபட்டிருக்குன்னு தெரியல. நான் விரலை வெச்சுக் காமிச்சேன். பல் டாக்டர்கிட்ட இருக்கற மாதிரி ஒரு சின்ன மெஷினால பட்டியை மெல்ல மெல்லச் சுரண்டி எடுத்தாங்க. கடைசிப் பத்தை கழண்டு வந்ததும் ரூம் பூரா நாத்தம். உள்ள பாலாடை மாதிரி கெட்டியாச் சீழ்.

"யார் இந்த வேலை பாத்தது?"ன்னு கேட்டாங்க.

"நான்தான் டாக்டர்"னான் அண்ணன். "அடைச்சுட்டா தூசி தும்பு போகாதுன்னு..."

"தூசி போகல. உள்ள இருந்தது வெளியயும் வரல. இது வண்டி பாடி இல்லைங்க. ஓடுன்னா எலும்பு. உயிர் இருக்கற எலும்பு. தொட்டா அதுக்குத் தெரியும், அடிபட்டா வலிக்கும்."

அண்ணன் முகம் போன போக்கை நான் பாத்தேன். "வலிக்குமா?"ன்னான். "நகம் மாதிரின்னு நெனச்சேன் டாக்டர். தகரம் மாதிரின்னு... நான் அதைத் தேய்ச்சேனே. அஞ்சு வகை எமரி பேப்பர் போட்டுத் தேய்ச்சேன். அது சத்தமே போடலையே."

"ஆமை சத்தம் போடாதுங்க"ன்னாங்க டாக்டர்.

அவன் எந்திரிச்சு வெளிய போயிட்டான். நான் எட்டிப் பாத்தேன். வாசல்ல இருந்த குழாயடியில குந்தி, ரெண்டு கையையும் தண்ணியில காட்டிக்கிட்டே இருந்தான். எனக்குப் பாவமா இல்லை. அப்ப இல்லை.

டாக்டர் புண்ணைக் கழுவி, அமுங்கின துண்டைத் தூக்கி விட்டு, விரிசலுக்கு ரெண்டு பக்கமும் குட்டிக் குட்டிக் கொக்கி ஒட்டி, கோணப் பல்லுக்குக் கம்பி கட்டற மாதிரி கம்பி கட்டினாங்க. "இனிமே இதை மூடவே கூடாது. மருந்துத் துணி மட்டும் வெச்சு தினமும் மாத்தணும். மண்ணுல விடக் கூடாது, ஈ உக்காரக் கூடாது, பெயின்ட் வாசனை ஆகாது. மூணு நாளைக்கு ஒரு ஊசி. ஒரு வருஷம்கூட ஆகும். பொழைக்குமான்னு கேட்டா, பாதிக்குப் பாதி." அப்புறம் மேனேஜரைத் திருப்பி அடிப்பக்கம் பாத்துட்டு, "மேனேஜர்னா சொன்னீங்க? இது பொம்பளைங்க"ன்னாங்க. பதினோரு வருஷம் கழிச்சுத் தெரியுது. அந்த நிலைமையிலயும் எனக்கு ஒரு சிரிப்பு வந்து தொலைச்சுது.

கிளம்பறப்ப டாக்டர் என்கிட்ட ரகசியமாச் சொன்னாங்க. "இவ்வளவு கெட்ட வைத்தியம் நான் பாத்ததில்லை. ஆனா கலர் மட்டும், சும்மா சொல்லக் கூடாது."

வீட்டுக்கு வந்ததும் அண்ணிகிட்டச் சொன்னேன், அவனுக்குக் கேக்கணும்னே சத்தமாச் சொன்னேன். "மேனேஜருக்கு ஏதாவது ஆச்சுன்னா, எனக்கு இனிமே அண்ணன்னு ஒருத்தன் இல்லை. பெட்டியைக் கட்டிக்கிட்டுப் பெரியக்கா வீட்டுக்குப் போயிடுவேன்." வாய் வார்த்தை இல்லை அது. மனசார நெனச்சுத்தான் சொன்னேன். அன்னையிலேந்து "அண்ணா"ன்னு கூப்பிடறதை நிறுத்தினேன்.

ஒரே வீட்டுல பேசாம இருக்கறது லேசுப்பட்ட காரியம் இல்லை. அண்ணிதான் நடுவுல மாட்டிக்கிட்டாங்க. "அண்ணி, உங்க வீட்டுக்காரரை அந்த வெள்ளைக் கார் அளவைக் குடுக்கச் சொல்லுங்க"ம்பேன். அவன் பக்கத்துலயே நிப்பான். "எனக்கு வேற வேலை இல்லையா? நான் என்ன தபால்காரியா?"ன்னு அண்ணி கத்துவாங்க, கத்திட்டு அளவையும் வாங்கிக் குடுப்பாங்க.

பெயின்ட் வாசனை ஆகாதுன்னு சொன்னதால மேனேஜருக்கு என் தையல் ரூம்தான் ஆஸ்பத்திரி. ஷெட்டுப் பக்கக் கதவை அண்ணன் ரப்பர் வெச்சு அடைச்சான். தரையில தினமும் புதுப் பேப்பர் விரிச்சான். பழைய கார் கிரில்லை வெட்டி, வலை கட்டி, ஈ புகாத மாதிரி ஒரு கூண்டு செஞ்சான். பெயின்ட் காய வைக்கற சூட்டு விளக்கு இருக்குல்ல, அதை எவ்வளவு உயரத்துல தொங்க விட்டா எவ்வளவு சூடு வருதுன்னு தெர்மாமீட்டர் வெச்சு ரெண்டு நாள் பாத்துட்டுத்தான் மாட்டினான். எல்லாம் வாயைத் திறக்காமத்தான்.

காலையில ஏழு மணிக்கு வருவான். அதுக்கு முன்னாடி கால் மணி நேரம் கையைத் தேய்ச்சுக் கழுவற சத்தம் கேக்கும். முப்பத்தஞ்சு வருஷப் பெயின்ட் நகக் கண்ணுல இருக்கே, எங்கேந்து போகும்? பிரஷ் போட்டுத் தேய்ச்சுத் தேய்ச்சு விரல் நுனியெல்லாம் வெடிச்சுப்போச்சு. நான் மேனேஜரைப் பிடிச்சுக்கணும், அவன் மருந்துத் தண்ணியால கழுவணும். ஒருத்தரால ஆகாத வேலை. அதனால நாங்க ரெண்டு பேரும் மேனேஜர்கிட்டப் பேச ஆரம்பிச்சோம்.

"மேனேஜர் மேடம், கொஞ்சம் சாச்சுப் பிடிக்கச் சொல்லுங்க"ம்பான் அவன்.

"மேடம், கண்ணு தெரியலைன்னா கண்ணாடி போட்டுக்கிட்டு வரச் சொல்லுங்க"ம்பேன் நான்.

மறுநாள் கண்ணாடி போட்டுக்கிட்டு வந்தான்.

ஊசி போடறதுக்கு டாக்டர்கிட்டயே கத்துக்கிட்டான். முன்னங்கால்ல போடணும். கதவை நிமித்த அஞ்சு கிலோ சுத்தியலைத் தூக்கற கை, அந்த இத்தனூண்டு ஊசியைப் பிடிச்சுக்கிட்டு ஆடும். போட்டு முடிச்சதும் "வலிச்சுதாம்மா?"ன்னு கேப்பான். ஒவ்வொரு தடவையும் கேப்பான். அது என்ன பதில் சொல்லப்போகுது? ஆனாலும் கொஞ்ச நேரம் அது முகத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பான். மொதல்ல எனக்கு அதைப் பாத்தா எரிச்சலா வரும். அப்புறம் எரிச்சல் வரலை. அவ்வளவு பெரிய மனுஷன் தரையில குத்த வெச்சு ஒரு ஆமைகிட்ட மன்னிப்புக் கேட்டா எத்தனை நாளைக்குத்தான் எரிச்சல்பட முடியும்?

இருபத்து மூணு நாள் மேனேஜர் வாயில ஒண்ணும் படல. டாக்டர் குழாய் வழியா என்னமோ ஏத்தினாங்க. வாராவாரம் எடை போடுவோம், எடை இறங்கும். நான் பெட்டியைப் பரண்லேந்து இறக்கி வெச்சுட்டேன். அண்ணி அதைப் பாத்துட்டு ஒண்ணும் சொல்லல, மேல ஒரு துணியைப் போட்டு மூடினாங்க.

இருபத்து நாலாம் நாள் அண்ணன் பூசணிக்காயை நகத்தளவு சீவி அது மூக்குக்கு முன்னாடி வெச்சான். மேனேஜர் பாத்துச்சு. கழுத்து கொஞ்சம் நீண்டுச்சு. வாய் திறந்துச்சு, மூடிக்கிச்சு. மறுபடி திறந்து ஒரு கடி கடிச்சுது. மெல்லறதுக்கு ஒரு நிமிஷம் ஆச்சு. ரெண்டாவது கடி கடிச்சதும் அடுப்படியிலேந்து எட்டிப் பாத்துக்கிட்டிருந்த அண்ணி, "அப்பாடா, மகராசி சாப்பிட்டுட்டா"ன்னு முந்தானையால மூக்கைத் துடைச்சுக்கிட்டாங்க. உருப்படாதுன்னு வாசல்ல தடுத்தவங்கதான். அன்னைக்கு நான் ஒரு சீட்டும் தைக்கல. கையெடுத்துக் கும்பிடணும் போல இருந்துச்சு, யாரைன்னுதான் தெரியல.

மூணாம் மாசம் ஒரு நாள் கழுவறப்ப ஒரு கொக்கி கழண்டு அண்ணன் கையோட வந்துடுச்சு. ஒட்டற பசைக்கு அவன்கிட்ட பஞ்சமா? அலமாரி பூரா இருக்கு. நான் அவன் கையையே பாத்தேன். அவனும் அந்தக் கொக்கியைக் கொஞ்ச நேரம் பாத்தான். அப்புறம் போனை எடுத்து, "டாக்டர், நான் கழுவறப்ப ஒரு கொக்கி பிஞ்சுடுச்சு. நான் கொஞ்சம் அழுத்திட்டேன். என்ன பண்ணட்டும்?"னான். யாரும் கேக்காமலே தன் தப்பை அவன் வாயால சொல்லி நான் கேட்டது அதான் முதல் தடவை. மத்தியானமே டாக்டர்கிட்டப் போய் வேற கொக்கி வெச்சுட்டு வந்தோம். அன்னைக்கு முன் சீட்டுல உக்காந்தேன்.

இப்படியே மழைக் காலம் போச்சு, குளிர் போச்சு. நாங்க பேச ஆரம்பிச்சுட்டோம். மேனேஜர் நடுவுல இல்லாமயே "சாப்பாடு ஆச்சா?", "அந்தச் சிவப்புக் கார் வந்துச்சா?" அளவுக்கு வந்துடுச்சு. "அண்ணா" மட்டும் வரல. வீம்புன்னு நெனச்சா நெனச்சுக்குங்க. தொண்டை வரைக்கும் வரும், அங்க பட்டி மாதிரி என்னமோ அடைச்சுக்கும்.

பதினோராம் மாசம், ஒரு காலையில மருந்துத் துணியை எடுத்தா கூடவே காஞ்சுபோன ஓட்டுத் துண்டு ஒண்ணு கழண்டு வந்துச்சு. எனக்கு உயிரே போச்சு. பாத்தா அதுக்குக் கீழ புது ஓடு. வெளிறின மஞ்சள்ல, மேடும் பள்ளமுமா, பழைய ஓட்டோட ஒட்டாத கலர்ல. தொட்டேன், கெட்டியா இருந்துச்சு. அழுத்தினேன், மேனேஜர் தலையை இழுத்துக்கிட்டு எனக்கு ஒரு முறைப்புக் குடுத்துச்சு. நான் ஓன்னு அழுதுட்டேன். அண்ணன் அந்தக் கோணல் மாணலை விரலால தடவிக்கிட்டே இருந்தான்.

டாக்டர் கம்பியைக் கழட்டிட்டு, "இனி ஆறு மாசம் கழிச்சு வந்தாப் போதும். தாராளமா ரவுண்ட்ஸ் போகலாம், ஆனா வண்டி போற பக்கம் விடாதீங்க"ன்னாங்க. அந்த டாக்டருக்கு நான் எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியாம, அவங்க கார் சீட்டு நாலுக்கும் புது உறை தைச்சுத் தர்றேன்னு சொல்லிட்டு வந்தேன். அவங்க வேண்டாம்னாங்க. நான் விடல, அங்கயே டேப்பை எடுத்து அளவு எடுத்துட்டேன்.

திரும்பி வர்றப்ப மனசு லேசா இருந்துச்சு. மேனேஜர் என் மடியில. விளையாட்டாத்தான் கேட்டேன். "ஏன், வேற ஏதாவது என்கிட்ட மறைச்சு வெச்சிருக்கியா? இருந்தா இப்பவே சொல்லிடு."

அவன் ரோட்டைப் பாத்து ஓட்டிக்கிட்டே வந்தான்.

மூணு நாள் ஆச்சு. மத்தியானம் நான் தைச்சுக்கிட்டிருக்கேன், கதவுகிட்ட வந்து நின்னான். கையில ஒரு துண்டுச் சீட்டு.

"பாப்பா, நீ கேட்டியே."

"என்ன கேட்டேன்?"

"மறைச்சது வேற இருக்கான்னு."

நான் மறந்தே போயிருந்தேன். இந்த மனுஷன் மூணு நாளா உக்காந்து யோசிச்சு எழுதிக்கிட்டு வந்திருக்கான். சிரிப்பை அடக்கிக்கிட்டு, "சரி, படி"ன்னேன்.

"உன் நீலக் குடை. நீ வீடு பூரா தேடினியே. நான்தான் பஸ்ல விட்டுட்டேன்."

"சரி."

"உன் டிபன் பாக்ஸ். கீழ போட்டு ஒடுங்கிப்போச்சு. நீ பாக்கறதுக்குள்ள தட்டி நிமித்தி வெச்சுட்டேன்."

"அது எனக்கு அப்பவே தெரியும். வாங்கினப்பகூட அவ்வளவு நேரா இல்லை அது. அடுத்தது?"

அடுத்ததை அவன் துண்டுச் சீட்டைப் பாத்துப் படிக்கல.

"நீ இங்க வந்தப்ப, சீட்டு தைக்க ஆள் இல்லைன்னு சொன்னேன்ல. ஆள் இருந்தார் பாப்பா. பத்து வருஷமா இருந்தார். நீ வர்றதுக்கு ஒரு வாரம் முன்னாடிதான் அவரை வேற ஷெட்டுல பேசிச் சேத்துவிட்டேன். உன்கிட்டப் பொய் சொல்லிட்டேன். தப்புதான்."

மெஷின் நின்னுச்சு. கால் தானா நின்னுடுச்சு.

இருபத்து ரெண்டு வருஷம் முன்னாடி, என்னைக் கட்டினவன் வீட்டுலேந்து ஒரு பையோட வெளிய வந்தேன். ஏன்னு இப்ப வேண்டாம். அண்ணனுக்குப் போன் பண்ணி, "உன் வீட்டுக்கு வர மாட்டேன், யார் வீட்டுலயும் தண்டச் சோறு சாப்பிட மாட்டேன், எங்கயாவது வேலை பாத்துப் பொழைச்சுக்கறேன்"னு வீறாப்பாச் சொன்னேன். அவன் என்ன நடந்துச்சுன்னு ஒரு வார்த்தை கேக்கல. "தண்டச் சோறு யார் போடறா? தைக்க ஆள் இல்லாம இங்க ஆறு வண்டி நிக்குது. நீ வந்தா ஷெட்டு ஓடும், வராட்டி மூடணும்"னான். அந்த ஒரு வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நான் நிமிர்ந்து நடந்தேன். அண்ணன் வீட்டுல இருக்கியான்னு கேட்டவங்க ஒவ்வொருத்தர்கிட்டயும், "நான் ஒண்ணும் ஒட்டிக்கிட்டு இருக்கல. வேலைக்கு ஆள் இல்லாம கூப்பிட்டாங்க, வந்தேன்"னு தலையைத் தூக்கிச் சொல்லியிருக்கேன். அண்ணிகிட்டயே எத்தனை சண்டையில சொல்லியிருக்கேன், "நான் இல்லைன்னா இந்த ஷெட்டு இருக்காது, தெரியும்ல"ன்னு.

"அண்ணிக்குத் தெரியுமா இது?"

"அவதான் யோசனையே சொன்னா."

அடுப்படியில பாத்திரம் தேய்க்கற சத்தம் கேட்டுக்கிட்டிருந்துச்சு. இருபத்து ரெண்டு வருஷம். எனக்கும் அவங்களுக்கும் உப்புப் பெறாத விஷயத்துக்கெல்லாம் சண்டை வந்திருக்கு, நானும் வாய்க்கு வந்ததைப் பேசியிருக்கேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள்கூட, அந்தப் பொம்பளை அதைச் சொல்லிக் காட்டினதில்லை. நான் அப்படி ஒரு துரும்பு கிடைச்சா விட்டிருப்பேனா? சத்தியமா விட்டிருக்க மாட்டேன். எனக்குக் கண்ணு ரொம்பிடுச்சு. இந்த ரெண்டு பேரும் எனக்கு வாய்ச்சதுக்கு நான் என்ன புண்ணியம் பண்ணினேனோ தெரியல.

அண்ணன் அங்கயே நின்னுக்கிட்டிருந்தான், திட்டு வாங்கத் தயாரா. பண்ணின நல்லதையெல்லாம் குத்தக் கணக்குல எழுதிக்கிட்டு வந்து நிக்கறவனை என்னன்னு திட்டறது?

மூக்கை உறிஞ்சிக்கிட்டு, "அந்தத் தையல்காரர் என்னைவிட நல்லா தைப்பாரா?"ன்னு கேட்டேன்.

"ரொம்ப நல்லா தைப்பார்"னான் பட்டுன்னு. "நீ முதல்ல தைச்ச ஆறு சீட்டையும் அவர்கிட்ட எடுத்துட்டுப் போய்த்தான் பிரிச்சுத் தைக்க வெச்சேன்."

"சரி, போதும் போதும். இப்போ?"

யோசிச்சான். உடனே சொல்லித் தொலைக்கக் கூடாதா? விட்டத்தைப் பாத்து யோசிச்சான்.

"இப்போ உன் அளவுக்கு யாரும் இல்லை பாப்பா."

"நிஜமாவா அண்ணா?"

கூப்பிட்டு ஒரு வருஷம் ஆகப்போகுது. அது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். துண்டுச் சீட்டை நாலா மடிச்சு சட்டைப் பையில வெச்சுக்கிட்டான்.

"நிஜமாத்தான்"னான்.